தொண்ணூற்றிரண்டு மாடுகள்

எல்மரின் மனைவி வீட்டில் இல்லை என்று தெரிந்ததும் ரோலண்டின் களைப்பில் பாதி நீங்கியது. இம்மாதத்தில் இரண்டு முறை கிழவர் வண்டி பழுதென்று தொலைபேசியில் அழைத்ததை நம்பி, பனி உறைந்த சாலையில் பாதித் தொலைவு வந்திருந்தான். இரண்டு முறையும் அந்த அம்மாள் வழியிலேயே அழைத்து, "வர வேண்டாம், சரியாயிடுச்சு" என்று திருப்பி அனுப்பியிருந்தாள்.

மீதிக் களைப்பு முதுகில் இருந்தது. பழைய பிக்கப் வண்டியின் தரையில் மல்லாந்து படுத்து, கிளட்ச் மிதிக்கு மேலே தலையை நுழைத்து, சிறு விளக்கை ஒரு கையில் பிடித்திருந்தான். வண்டிக்கு வயது முப்பத்தெட்டு. அவனைவிட ஒன்று அதிகம்.

"கிளட்சை முழுசா மிதிச்சாதான் ஸ்டார்ட் ஆகும். மிதிச்சீங்களா, பெரியவரே?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து மிதிக்கிறேன், தம்பி. என் கால்தான் தேஞ்சுது, மிதி தேயல." எல்மர் கதவோரம் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சீக்கிரம் ஆகட்டும். பொழுது சாயறதுக்குள்ள பனிப்புயல் வந்துடும்னு ரேடியோல சொல்றான். மேட்டுக்கு அந்தாண்ட தொண்ணூத்திரெண்டு மாடு நிக்குது. நாலு நாளா வண்டி நகரல."

ரோலண்ட் விளக்கை மிதியின் உச்சிக்குத் திருப்பினான். சென்ற கோடையில்தான் அவன் வேறு மாநிலத்திலிருந்து வந்து இந்த ஊர்ப் பட்டறையை வாங்கினான். ஆயினும், இந்த மொன்டானா மாநிலக் குளிரை வயிறு நிறைந்த மாடுதான் தாங்கும் என்பதை அறிந்துகொள்ளக் குளிர்காலத்தின் முதல் மாதமே போதுமானதாக இருந்தது.

கிளட்ச் மிதியின் உச்சியில் விரல் நுனியளவே இருந்த, மிதித்தால் மட்டும் எஞ்சினைக் கிளம்பவிடும் சுவிட்ச் கருகவும் இல்லை, உடையவும் இல்லை. அதில் செருகியிருக்க வேண்டிய மின்கம்பி இணைப்பு மட்டும் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அது தானாகக் கழலக்கூடியது அன்று. அதன் நாக்கை அழுத்திப் பிடித்து இழுத்தால்தான் வரும்.

"இது கெட்டுப்போகல, பெரியவரே. யாரோ கழட்டி விட்டிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ? என் பொண்டாட்டி ஆர்டிஸ்தான்! இந்த வண்டிய வித்துத் தொலைங்கன்னு நாலு வேளையும் நச்சரிப்பு. விட்டா என்னையே வித்துடுவா. வாங்கத்தான் ஆளில்ல."

"அம்மா இப்ப எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா. என்னமோ மாத்திரை வாங்கணுமாம்."

கணவன் மனைவி பூசலுக்கு நடுவே தொண்ணூற்றிரண்டு வாயில்லா உயிர்கள் பட்டினி கிடப்பதை நினைக்க, ரோலண்டுக்கு அந்த அம்மாள்மீது சினம் மூண்டது. இணைப்பை அழுத்திச் செருகினான். அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை இறுக்கிக் கட்டி, மிஞ்சிய நுனிகளை ஒட்ட நறுக்கினான்.

"இனிமே யார் நெனச்சாலும் கையால கழட்ட முடியாது."

எல்மர் ஏறி அமர்ந்து, கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் உறுமியது. அவர் முகத்தில் இருபது வயது குறைந்துபோயிற்று.

வண்டியின் பின்தட்டில் வைக்கோல் கட்டுகள் முன்பே அடுக்கப்பட்டிருந்தன. ரோலண்ட் எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டான். "நானும் வரட்டுமா? ஓட்ட ஒருத்தர், வைக்கோல் தள்ள ஒருத்தர்னா சுருக்கா முடியுமே."

"எதுக்கு? முதல் கியரைப் போட்டு, ஸ்டியரிங்கைக் கயித்தால கட்டிட்டுப் பின்னால ஏறிக்குவேன். அது பாட்டுக்கு ஊரும், நான் பாட்டுக்குத் தள்ளுவேன். இங்க தனி ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். உன் மூஞ்சியப் பாத்தா நின்னுக்கிட்டே தூங்கிடுவ போலிருக்கு. உள்ள போய்க் காபி குடி."

மறுத்துப் பேசவும் ரோலண்டுக்குத் தெம்பில்லை. முழங்கால் வரை குவிந்திருந்த பனியைத் தள்ளி, வேலிக் கதவை மட்டும் திறந்துவிட்டான். கதவுக்கு அப்பால், சலவை செய்து விரித்த துப்பட்டியைப்போல் பனி பரந்து கிடந்தது; ஒரு குளம்படியும் அதில் இல்லை. இரவுக் காற்று துடைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டான். வண்டி அந்த வெண்மையில் இரண்டு கோடுகளை இழுத்துக்கொண்டு மேடேறி, மறுபுறம் இறங்கி மறைந்தது.

அடுப்படியின் வெப்பத்தில் அவன் இரண்டாம் கோப்பைக் காபியை முடித்தபோது சன்னலுக்கு வெளியே வானமும் நிலமும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன. வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. ஆர்டிஸ், கையில் மருந்துப் பொட்டலத்துடன் உள்ளே விரைந்து வந்தாள்.

"வண்டி எங்க? கொட்டகை காலியா இருக்கு!"

இந்தக் கேள்விக்காகவே ரோலண்ட் காத்திருந்தான். "சரி பண்ணியாச்சும்மா. இனிமே நீங்க கழட்டினாலும் கழலாது."

"அவர் எங்க?"

"புயலுக்கு முன்னால மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருக்காரு. பாவம், நாலு நாள் பட்டினியாம்."

ஆர்டிஸ் அவனை வையவில்லை. சன்னலருகே சென்று, மேடு இருந்த திசையைப் பார்த்தாள். மேடு தெரியவில்லை.

"மாடுகளை வித்து மூணு வருஷமாச்சு, தம்பி."