இரண்டு தட்டு

பழைய வண்டி பார்க்கப் போனால் நாச்சிமுத்து பெயிண்டைப் பார்க்க மாட்டார். முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். வாங்குகிற ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்து, ஸ்டார்ட்டிங் கோளாறை மறைப்பது விற்பவர்களின் வழக்கம். இந்தப் பிக்கப் சில்லென்று இருந்தது. மறைக்க எதுவுமே இல்லாததுபோல் இருந்ததே அவருக்குச் சந்தேகமாகப் பட்டது. மீட்டரில் எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். பிரேக் பெடலிலோ ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

“எழுபத்திரண்டுதானுங்களா?”

“மீட்டர் பொய் சொல்லுமுங்களா?” என்றார், விற்க வந்த குப்புராஜ். “இஞ்சின்ல இன்னும் கையே வைக்கலீங்க.”

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தார். டேஷ்போர்டின் இடது மூலையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, உதறல் இல்லை.

குப்புராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. “ஏனுங்க, ரெண்டு தட்டு தட்டுனாத்தான் எடுக்கும்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். பத்து வருடத்துக்கு முன்னால், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய தன் வெள்ளைப் பிக்கப்பின் மீட்டரைத் தொண்ணூறாயிரத்துக்குத் திருப்பி வைத்து, பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். அந்த வண்டியும் இரண்டு தட்டு தட்டினால்தான் எடுக்கும். இந்த வண்டி நீலம். நம்பரும் வேறு. ஆனால் கதவின் உள்விளிம்பில், பெயிண்ட் உரிந்த இடத்தில், வெள்ளை தெரிந்தது.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. குப்புராஜ் கதவைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மீட்டர் பொய் சொல்லாதுங்க,” என்றார் நாச்சிமுத்து.