கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்

சிப்காட்டின் தகரக் கொட்டகை வெக்கையில் ரஷீதின் ஜீப் ஒருக்களித்துத் தூக்கி நிற்கிறது. பாறை இடிக்காமல் வண்டியின் விலாவைக் காக்க அவனே வெல்டிங் வைத்து மாட்டிய இரும்புக் குழாய்க்குத்தான் ஜாக்கி முட்டுக்கொடுத்திருக்கிறது. அடியில் மல்லாந்து கிடந்து நட்டு முடுக்குகிறான் சிநேகிதன் சபரிநாதன். அந்தக் குழாயைக் கடையில் ரெடிமேடாக வாங்கிவிடச் சொன்னவன் அவன். "கடைல தகரத்த விக்கிறானுங்கடா, நானே அடிக்கிறேன் பாரு" என்று மார்தட்டியவன் ரஷீத். துருவைத் தேய்த்தெடுக்கப் பொறுமையில்லாமல் அதன்மேலேயே பற்றவைத்ததையும், பொத்தல் விழுந்த இடத்தைக் கறுப்புப் பெயிண்டால் மூடியதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பெயிண்டில் தலைமயிர் போல ஒரு கீறல். 'டிக்' என்று சத்தம். கீறல் ஒரு விரற்கடை நீள்கிறது. பக்கத்து மில்லின் இரைச்சலில் சபரிநாதனுக்கு அது கேட்கவில்லை. ரஷீத் வண்டிக்கு அடியில் குனிகிறான். "சபரி, வெளிய வா. எல்லாத்தியும் அப்டியே போட்டுட்டு வா." ஏன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "இருடா, ஒரே ஒரு நட்டுதான் பாக்கி. இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? ஒத்துக்கிறேன், கடை மாலு இந்த வெயிட்ட தாங்காது." மறுபடி 'டிக்'. ரஷீத் மண்டியிட்டு, தாங்காது என்று தெரிந்தே, குழாய்க்கு அடியில் தன் தோளைக் கொடுக்கிறான்.