அளவோடு ஒரு விருந்து

"போதும் அண்ணி, எனக்கு ஒரே ஒரு துண்டு போதும்."

கணவரின் தம்பி இப்படிச் சொன்னதும் வீட்டின் மூத்த மருமகள் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது. போன வருடம் இதே விடுமுறை நாளில், இதே மேசையில், முழுக் கோழி ஒன்றைத் தனியாளாக எலும்புக்கூடாக்கிய புண்ணியவான் இவர்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். போதும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத தொழில்.

உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள் மூத்தவள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. அளவா சாப்பிட்டாத்தான் ருசியே தெரியும். நல்லா மென்னு, ரசிச்சு, மெதுவா சாப்பிடணும்."

சொல்லிவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்துகொண்டார்.

அவருடைய அண்ணன், அதாவது மூத்தவளின் கணவர், தம்பிக்கு ஒரு படி மேல். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்பதால் எதையும் வண்டியை வைத்துத்தான் விளக்குவார். வயிறும் வண்டி மாதிரிதான், முக்கால் டேங்க் நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும் என்று பிரசங்கம் ஆரம்பித்தார். போன வருடம் அவருடைய டேங்க் வழிந்து, சோபாவில் படுக்கவைத்துச் சாயங்காலம் வரை விசிற வேண்டியிருந்தது. அது வேறு யாருக்கோ நடந்ததாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கடைக்குட்டித் தங்கை பள்ளிக்கூட டீச்சர். அவள் பங்குக்கு, டீ கப்புக்கு அடியில் வைக்கிற தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரிய தட்டு என்றால் கை தானாகவே நிறையப் போட்டுக்கொள்ளுமாம். அதிகம் பேசாமல், மூச்சைக்கூட அளவாகத்தான் விட்டாள்.

மூவர் உடம்பிலும் புதுத்துணி. விடுமுறைக்கு விடுமுறை குடும்பத்துக்கே தைத்துக் கொடுப்பது இளையவள், அதாவது தம்பியின் மனைவி. சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். போன மாதம் இதே ஹாலில் அவள் அளவெடுத்தபோது, யாருக்குத் தொப்பை கரைந்திருக்கிறது என்று அண்ணனும் தம்பியும் தங்கையும் அடித்துக்கொண்டது தெருமுனை வரை கேட்டது. காலையில் புதுத்துணியோடு குடும்பப் போட்டோவும் எடுத்தாயிற்று. அதில் மூன்று பேர் சிரிக்கவில்லை.

மூத்தவள் விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்தவள். கோழி, மீன், இரண்டு வகை சாதம், பழக் கேக் எல்லாம் அவள் ஒருத்தி கைவேலை. போன வருடம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவள் தட்டை எடுத்தபோது, பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தது போல் இருந்தன. அடுப்படியில் நின்றபடி டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றாள். அதற்கு முந்தின வருடமும் அதே ரொட்டிதான். நீ சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏப்பம் விடவே நேரம் போதாத இடத்தில் இதையெல்லாம் யார் கேட்பது? பசியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

ஆனாலும் இந்த வருடம் உபசரிப்பில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. நாற்காலி நாற்காலியாகப் போய்க் கெஞ்சினாள். மீனின் நடுத்துண்டைக் காட்டினாள். கோழிக் காலைக் கணவரின் மூக்கருகே கொண்டுபோனாள்.

"எனக்காக ஒண்ணே ஒண்ணு."

அவர் கோழிக் காலைப் பார்த்தார். கண் லேசாகக் கலங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு சபலம் தாங்காமல் அரைக் கரண்டி சாதம் மட்டும் இன்னொரு தடவை வாங்கினார். தம்பியும் தங்கையும், பரீட்சையில் காப்பியடித்தவனைப் பார்ப்பது போல் அவரைப் பார்த்தார்கள். சாதத்தை விழுங்கியவர் முகம் சிவந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எப்படி மாறிட்டாங்க பாருங்கக்கா. எனக்கே பெருமையா இருக்கு" என்றாள் இளையவள்.

ஒழுக்க சீலர்கள் மூவரும் ஆளுக்கொரு அறைக்குள் போய் அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஹாலில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். பாதிக்கு மேல் சாப்பாடும் மிஞ்சியிருந்தது. மூத்தவள் பெரிய தட்டாக இரண்டு எடுத்துவந்து போட்டாள். மேசையில் உட்கார்ந்து, கோழியும் மீனும் சாதமும் சுடச்சுடப் பரிமாறிக்கொண்டாள். முதல் வாயை மென்றபோது அவளுக்கே அழுகை வரும்போல் இருந்தது. தான் இவ்வளவு நன்றாகச் சமைப்போம் என்பது அவளுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

கதவு திறந்தது. பழைய தொளதொள பைஜாமாவுக்கு மாறிய அண்ணன் புது மனிதராக வெளியே வந்தார். முகத்தில் தெளிவு, நடையில் துள்ளல். நேரே மேசைக்கு வந்து, கோழி ஏதாவது மீதி இருக்கிறதா என்று கேட்டார்.

"முக்கால் டேங்க்ல நிறுத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மூத்தவள்.

"சும்மாதான் கேட்டேன். வீணாப் போயிடக் கூடாதேன்னு."

"போகாது. நாங்க பாத்துக்கறோம்."

எச்சிலை விழுங்கிக்கொண்டு அவர் திரும்பிப் போனார். கதவு மூடும் வரை காத்திருந்து, இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்க்கா. நீங்க சொன்னபடி எல்லார் துணியிலயும் இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிச்சுத்தான் தைச்சேன். பெரியவரைப் பாத்தா பாவமா இருந்துச்சு, அவருக்கு மட்டும் ஒரு இஞ்சோட விட்டுட்டேன்."

"அதான் அந்த அரைக் கரண்டி உள்ள போச்சா" என்ற மூத்தவள், கணவர் வேண்டாம் என்ற கோழிக் காலைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் யாருக்கும் பாவம் பாக்காதே."