கோடு அழிக்கும் வண்டி

பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காகத் தெருக்காரர்கள் நேற்றுக் கூடிப் பூசிய வெள்ளைக் கோடுகளை, மாநகராட்சி இயந்திரம் இப்போது சுரண்டிக்கொண்டிருக்கிறது. காலை வெயிலில் வெள்ளைத் தூசி மாவு மாதிரி மிதந்து பள்ளிக்கூட வாசல்வரை படிகிறது. மகளின் கையைப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறார் அதே தெருவில் குடியிருக்கும் எலெக்ட்ரீஷியன். "நம்ம தெருவுக்கு நாமதான் செய்யணும், கண்ணு" என்று அவளிடமும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தவர் அவர்தான். அவள் நகக்கண்ணில் பெயின்ட் இன்னும் போகவில்லை. "அனுமதி இல்லாம போட்ட கோடு, சார். அழிக்கச் சொல்லி ஆர்டர்" என்கிறார் இயந்திரக்காரர், முகத்தைப் பார்க்காமல். "பக்கத்து வீட்டுப் பையன் இங்க வண்டியில அடிபட்டப்போ கும்பகர்ணன் மாதிரி தூங்குனீங்க. இன்னைக்கு விடியறதுக்குள்ள வந்து நிக்கிறீங்க!" என்று எலெக்ட்ரீஷியன் பல்லைக் கடிக்கிறார். கடைசிக் கோடும் போகிறது. அதற்காகவே காத்திருந்தவை போல வண்டிகள் சீறிப் பாய்கின்றன. நேற்று அப்பா சொல்லிக்கொடுத்தபடியே கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள் மகள். ஒரு வண்டியும் நிற்பதாக இல்லை. அவள் பார்வை நடுச்சாலையில் வாயைப் பிளந்து கிடக்கும் குழிக்குப் போகிறது. "அப்பா, அந்தக் குழிய நாம மூடிட்டா, இவங்க வந்து திரும்பத் தோண்டிருவாங்களா?" சிரிப்பு இயந்திரக்காரருக்குத்தான் வருகிறது.