வாயைத் திறந்த மாப்பிள்ளை

றோசாலிக்கு வந்த மாப்பிள்ளையின் விலை சைபர். நகை வேண்டாம், காணி வேண்டாம், ரொக்கமும் வேண்டாம் என்றுவிட்டார் கபிரியேல் மாஸ்டர். ரொஷானுக்கு அதுதான் உறுத்தியது. அவன் வெலிமடையில் உருளைக்கிழங்கு வியாபாரி. மலிவாக வரும் மூட்டையின் அடியில் அழுகல் இருக்கும் என்பது அவன் அனுபவம். தகப்பன் இல்லாத வீடு வேறு. ஏமாந்தால் பழி அவன் தலையில்தான் விழும்.

பதுளையில் இருந்த தங்கள் வீட்டுக்கு வந்த மாஸ்டரை உட்காரவைத்துக் குடைந்தான்.

"குடிப்பீங்களா சேர்?"

"தேத்தண்ணி குடிப்பேன்."

"கடன் கிடன்?"

"இல்ல."

"சீக்கு ஏதும்?"

மாஸ்டர் சிரித்தார். "இனாமா வந்த குதிரையோட வாயைப் பார்க்காதேன்னு இங்கிலீஷ்ல சொல்வாங்க தம்பி. வயசான குதிரைக்கு ஈறு ஒதுங்கிப் பல்லு நீளமாத் தெரியும். அதனால சந்தையில வாங்குறவங்க வாயைத் திறந்துதான் வயசு பார்ப்பாங்க. இனாமா வந்ததுக்கு அப்பிடிப் பார்த்தா மரியாதையில்ல. ஆனா நீங்க தாராளமாப் பாருங்க. நான் இனாம் இல்ல."

ரொஷான் நிமிர்ந்தான். "அப்ப என்னதான் கேக்குறீங்க?"

"உங்க சம்மதம். பெத்த புள்ள மனசாரச் சொல்லாம தாலிக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன்னு உங்க அம்மா றோசாலி சொல்லிட்டாங்க."

ரொஷானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இவ்வளவுதானா சேர்? அம்மா, வெளிய வாங்க! எனக்குச் சம்மதம்."

"இருங்க தம்பி, மிச்சத்தையும் பார்த்துருங்க," என்று மாஸ்டர் வாயை அகலத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்: "வயசு அறுபத்தொண்ணு. சொந்தப் பல்லு இருபத்தாறு, கட்டினது நாலு, விழுந்தது ரெண்டு. மொத்தம் முப்பத்திரண்டு, சரிதானே?"