பலகையில் ஒரு தட்டல்

மூன்றாம் சரணத்தின் நடுவில் ஆர்கனின் மூச்சு நின்றது.

நர்ஸம்மாவின் விரல்கள் கட்டைகள் மேலேயே இருந்தன. அழுத்தினால் கட்டை அமுங்கியது, சத்தம் வரவில்லை. அடியில் முனகிக்கொண்டிருந்த மோட்டார் ஓய்ந்துவிட்டது.

சபை விடாமல் பாடியது. பிடித்துக்கொள்ள ஆர்கன் இல்லாததால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஆண்கள் பக்கம் ஒரு வரி முந்திப் போனது.

போதகர் தலையை உயர்த்திப் பார்த்தார். மின்விசிறிகள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆலயப் பணியாள் மெயின் பெட்டியைப் பார்க்க வெளியே ஓடினார்.

நர்ஸம்மா யாரையும் பார்க்கவில்லை. காதை மட்டும் பின்பக்கம் வைத்திருந்தார். முப்பது வருஷம் வார்டில் நோயாளிகளின் மூச்சைக் கேட்டுப் பழகிய காது அது.

கடைசி வரிசையில், கதவை ஒட்டித் தையற்காரர் நின்றிருந்தார். ஒன்பது வருஷமாக அதுதான் அவர் இடம். நாளைக் காலை மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார், இனி அங்கேதான் இருப்பார். இந்தப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் போதகர் அதை அறிவித்திருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்புவரை அவர் இடம் ஆர்கனுக்குப் பின்னால் இருந்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி, ஒரு மரக் கைப்பிடி. அவர் கைப்பிடியை அமுக்கி அமுக்கித் துருத்தியில் காற்றை நிரப்புவார், நர்ஸம்மா இந்தப் பக்கம் வாசிப்பார். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. துருத்தி நிரம்பியதும் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தட்டலைக் கேட்காமல் நர்ஸம்மா ஒரு பாட்டையும் தொடங்கியதில்லை.

நல்ல காலம் அது. பிரசங்கம் நீண்டால் பலகை இடுக்கு வழியாக ஒரு பெப்பர்மின்ட் இந்தப் பக்கம் வரும். இன்னும் நீண்டால் இரண்டாவதும் வரும்.

பிறகு ஒரு கல்யாண ஆராதனையில் ஆர்கன் இளைத்து இளைத்து நின்றுபோனது. மணப்பெண் பாதி வழியில் நின்றுவிட்டாள். நர்ஸம்மாவுக்கு மானம் போனது. கமிட்டிக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், "அவரு பின்னாடி உக்காந்து தூங்குறாரு. ஒரு மோட்டார் வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

தையற்காரர் முக்காலியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கடைசி வரிசைக்கு மாறிவிட்டார்.

மோட்டார் பொருத்த வந்த ஆள் துருத்தியைத் திறந்து பார்த்து, தோலில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல் என்றான். யார் கைப்பிடியை அமுக்கியிருந்தாலும் காற்று தங்கியிருக்காது. அதைக் கேட்டவர் நர்ஸம்மா ஒருவர்தான். கிழிசலை ஒட்டச் சொன்னார், பழைய கைப்பிடியைக் கழற்ற வேண்டாம் என்றார், விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் நாளாகிவிட்டது.

திரைச்சீலை தைக்கக் கொடுக்கிற சாக்கில் இரண்டு முறை தையற்காரரின் கடைக்குப் போனார். திரைச்சீலை கச்சிதமாக வந்தது. பேச்சுத்தான் வரவில்லை.

ஆராதனையில் சமாதானம் சொல்லி எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் நேரத்தில், எழுந்து போகாமல் இருக்க நர்ஸம்மாவுக்கு ஆர்கன் இருந்தது. நல்ல வசதி. ஆனாலும் மோட்டார் வந்த புதிதில் விரல்களைக் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு, வராத தட்டலுக்காகக் காத்திருப்பார். ஜெபிக்கிறார் என்று சபை நினைத்துக்கொண்டது.

நான்காம் சரணம் தொடங்கியது. சுருதி எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. மொத்தமே ஐந்து சரணம்தான். அதற்குள் அவர் வராவிட்டால் பிறகு எங்கே வரப்போகிறார்.

பக்கவாட்டில் காலடி கேட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை.

தடுப்புக்குப் பின்னால் முக்காலி நகர்ந்தது. கைப்பிடி கிரீச்சிட்டது. ஆர்கனுக்குள் காற்று ஏறுவது நர்ஸம்மாவின் உள்ளங்கால்வரை தெரிந்தது.

பலகையில் ஒரு தட்டு.

கண்ணீரில் புத்தகம் தெரியவில்லை. விரல்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. ஐந்தாம் சரணத்தில் சபை ஒருவழியாக ஒன்று சேர்ந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் தையற்காரருக்குக் கைகொடுத்து விடைபெற்றுப் போனார்கள். பிறகு அவர் சுற்றிக்கொண்டு ஆர்கனுக்கு முன்னால் வந்தார். நெற்றி வியர்த்திருந்தது. நர்ஸம்மா எழுந்து நின்றார். ஒன்பது வருஷமாகத் தொண்டையிலேயே கிடந்தது வெளியே வந்தது.

"துருத்தித் தோல்தான் கிழிஞ்சிருந்துச்சு. நீங்க தூங்கல. எனக்கு அப்பவே தெரியும்."

தையற்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கிழிசல்னு சொல்லியிருந்தா நானே தைச்சிருப்பேனே."

பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் கையை விட்டார். நர்ஸம்மாவின் குதிகால் எட்டும் இடத்தில் இருந்த சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் ஒரு கோளாறும் இல்லாமல் முனகத் தொடங்கியது. நர்ஸம்மா தலை குனிந்துகொண்டார்.

"ஒன்பது வருஷமா இது உங்க காலடியிலதானே இருந்துச்சு, நர்ஸம்மா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

தையற்காரரே சுவிட்சை அணைத்தார். இடது காலை இழுத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனார். முக்காலி நகர்ந்தது.

நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்து, விரல்களைக் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.