சகிக்காத பாட்டு

"சுரங்கக்காரன் பாட்டு! குழாயைக் காதுல வெச்சுக் கேளுங்க!" என்று ஜப்பானின் கியூஷு தீவில், நிலக்கரிச் சுரங்க வாசலில் கூவினார் பாட்டுப்பெட்டிக்காரர்.

கரி சுமக்கும் தோமெ முண்டியடித்துப் போய்க் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் நெளிந்தாள்.

"எங்க பிடிச்சீங்க இந்தத் தொண்டையை?"

"வடக்கே, யூபாரி சுரங்கத்துல. போன மாசம் பதிஞ்சது."

"சகிக்கல!"

அடுத்து நின்றவன் மேஸ்திரி குரோகி. சுரங்கத்திலிருந்து ஓடிப்போகிறவர்களைப் பிடித்து வருவதுதான் அவன் வேலை.

"தள்ளு. குரலை வெச்சே ஆளைச் சொல்லிடுவேன்."

தோமெ பெட்டியிலிருந்து, பாட்டு பதிந்த மெழுகு உருளையைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். அது தூள்தூளானது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று கத்தினார் பாட்டுப்பெட்டிக்காரர்.

"காது கூசுதுய்யா!"

வீட்டுக்கு ஓடியவள், மகளை முதுகில் வைத்துக் கட்டினாள்.

"எங்கம்மா போறோம்?"

"யூபாரிக்கு. ஓடிப்போன உங்கப்பா அங்கதான் இருக்காரு. இன்னும் சுருதி சேரல அவருக்கு."